பழைய படங்களுக்காக ஆண்டுச் சந்தா கட்டப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள்

பழைய தமிழ்ப் படங்களை "4கே தரத்தில் முழுமையாக மீட்டெடுத்தது" என்று விளம்பரம் செய்யும் ஒரு செயலிக்கு 1,199 ரூபாய் ஆண்டுச் சந்தா கட்டினேன். வீட்டில் அம்மாவுக்கும் எனக்கும் சாயங்காலம் ஒரு படம் பார்ப்பது பழக்கம். அதற்காகத்தான் வாங்கினேன். பணம் திரும்பக் கிடைக்கவில்லை, நல்ல படமும் கிடைக்கவில்லை. புகார் நடந்துகொண்டிருப்பதால் செயலியின் பெயரை எழுதவில்லை. பழைய படங்களை மேலும் கீழும் வெட்டி விற்கும் இதே வேலையை வேறு சிலரும் செய்கிறார்கள் என்பதால், பெயரைவிட அடையாளங்கள்தான் உங்களுக்குப் பயன்படும்.

முதலில் போட்டது 'தில்லானா மோகனாம்பாள்'. 1968இல் ஏ.பி. நாகராஜன் எடுத்தது, நாதஸ்வரம் மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள் வாசித்தது. அம்மாவுக்கு மனப்பாடமான படம். 'நலந்தானா' வந்தது. பத்மினியின் முகம் தெரிகிறது, கை தெரிகிறது, கால் தெரியவில்லை. பல இடங்களில் முழங்காலோடு படம் நின்றுவிடுகிறது. "காலைக் காட்டாம என்னடா நாட்டியம்?" என்றார் அம்மா. சிவாஜி உட்கார்ந்து வாசிக்கும் இடங்களில் தலையின் மேல்பகுதி போய்விட்டது. ஜதிக்குக் கால் எப்படிப் பதில் சொல்கிறது என்பதைப் பார்க்கத்தானே அந்தக் காட்சி? நாதஸ்வரக்காரருக்கும் நாட்டியக்காரிக்கும் நடுவே நடக்கும் பேச்சு முழுக்க கண்ணிலும் காலிலும் நடக்கிறது. அதில் பாதியை அறுத்துவிட்டு இதைத் தரம் உயர்த்தியது என்று விற்கிறார்கள்.

ஏன் இப்படி ஆகிறது என்றால், அந்தக் காலத்துப் படங்கள் பெரும்பாலும் ஏறக்குறைய 4:3 அளவில், அதாவது அகலம் நாலு பங்கு, உயரம் மூன்று பங்கு என்று எடுக்கப்பட்டவை. தமிழில் முதல் சினிமாஸ்கோப் (அகலத்திரை) படமான 'ராஜராஜ சோழன்' 1973இல்தான் வந்தது. இன்றைய டிவி 16:9. பழைய படத்தை அப்படியே காட்டினால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். அது குறை என்று நினைப்பவர்களைத் திருப்திப்படுத்த, படத்தின் மேலும் கீழும் வெட்டித் திரையை நிரப்பிவிடுகிறார்கள். கணக்குப் போட்டால் படத்தின் உயரத்தில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு காலி. ஒளிப்பதிவாளர் யோசித்து வைத்த ஃபிரேமை யாரோ ஒருவர் கணினியில் ஒரு பொத்தானை அழுத்தி மாற்றிவிடுகிறார்.

4கே என்பதும் பொய். படத்தின் வலது மூலையில் எப்போதும் ஒரு மங்கலான திட்டு இருக்கிறது. ஏதோ ஒரு டிவி சேனலின் லோகோவை அழித்த தடம் அது. அடியில் அவ்வப்போது வீடியோ டேப்புக்கே உரிய கோடு ஓடுகிறது. அதாவது பிலிம் சுருளிலிருந்து ஸ்கேன் செய்யவில்லை, சேனலுக்குக் கொடுத்த பழைய டேப்பை எடுத்துப் பெரிதாக்கியிருக்கிறார்கள். அந்த டேப்பில் படம் மேலிருந்து கீழாக 576 கிடைவரிகளாகத்தான் இருக்கும். 16:9க்கு வெட்டிய பிறகு மிஞ்சுவது 432. உண்மையான 4கேயில் 2160 வரிகள். இடைவெளியை மென்பொருள் நிரப்புகிறது. அதனால்தான் டி.எஸ். பாலையாவின் முகம் மெழுகு பொம்மை போல வழவழவென்று இருந்தது.

அடுத்து 'உதிரிப்பூக்கள்'. 1979, மகேந்திரன், ஒளிப்பதிவு அசோக்குமார். என்னைக் கேட்டால் தமிழில் மௌனத்தை இவ்வளவு நம்பிய படம் குறைவு. ஆற்றங்கரையில் ஊரே நின்று பார்க்கும் அந்த முடிவுக் காட்சியில், மனிதர்களைச் சுற்றியிருக்கும் வெற்றிடம்தான் மனசை அழுத்தும். வெட்டிய பதிப்பில் அந்த வெற்றிடமே இல்லை. எல்லோரும் நெருக்கமாக நிற்பதுபோல் ஆகிவிட்டது. போதாக்குறைக்கு 'அழகிய கண்ணே' பாடல் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றுபோய், காட்சி மட்டும் ஊமையாக ஓடியது. பட உரிமை ஒருவரிடமும் பாட்டின் உரிமை வேறொருவரிடமும் இருந்தால் இப்படி நடப்பதுண்டு. சரி, அது அவர்களுக்குள் உள்ள தகராறு. ஆனால் பாட்டு இல்லாத பதிப்பு என்று பணம் வாங்குவதற்கு முன்னால் சொல்லவேண்டாமா?

'அந்த நாள்' விஷயத்தில் எனக்கு வந்த கோபம் இன்னும் அதிகம். 1954இல் ஏ.வி.எம். தயாரித்து எஸ். பாலசந்தர் இயக்கிய படம், தமிழில் பாட்டே இல்லாமல் வந்த முதல் படம். சென்னையில் ஜப்பான் குண்டு விழுந்த நாளை வைத்துத் தொடங்கும் கதை. ஒரு கொலை, சந்தேகத்துக்குரிய ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக நடந்ததைச் சொல்கிறார்கள். இப்படிப்பட்ட படத்தில் ஒருவரின் வாக்குமூலத்தில் கைவைத்தாலும் கதை தடையில்லாமல் ஓடுவதுபோலவே தோன்றும். துப்பு மட்டும் விட்டுப்போகும். செயலியில் இருந்தது அப்படி வெட்டிய பிரதி. சிலர் பேசிக்கொண்டிருக்கும்போதே அடுத்த காட்சிக்குத் தாவுகிறது. இன்று எடுக்கும் கொலைக் கதைகளோடு நிமிர்ந்து நிற்கக்கூடிய படத்தை, முதல்முறை பார்க்கிற ஒரு இளைஞர் இப்படிப் பார்த்தால் "என்னய்யா குழப்பமாக இருக்கிறது" என்றுதான் மூடுவார்.

படம் முழுசா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. தொடக்கத்தில் வரும் தணிக்கைச் சான்றிதழை நிறுத்திப் பாருங்கள். அதில் படத்தின் நீளம் அடியிலோ மீட்டரிலோ இருக்கும். 35 மி.மீ. பிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடும், மீட்டரில் 27.4. 4,110 மீட்டர் என்றிருந்தால் 150 நிமிடம். ஆனால் டிவிக்காகச் செய்த பழைய பிரதிகள் நொடிக்கு 24 ஃபிரேமுக்குப் பதில் 25 ஓடும், அதனால் 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடியும், குரலும் சுருதி கொஞ்சம் ஏறிக் கேட்கும். அந்த ஆறு நிமிடத்தை வெட்டு என்று நினைக்கவேண்டாம். அதற்கு மேல் குறைந்தால் சந்தேகப்படுங்கள். நான் சொல்லும் செயலியில் சான்றிதழையே எடுத்துவிட்டிருக்கிறார்கள்.

டிவித் தொடர்களும் தப்பவில்லை. சங்கர் நாக் 1980களில் தூர்தர்ஷனுக்காக இயக்கிய 'மால்குடி டேஸ்' இருந்தது. ஆகும்பே கிராமத்தில் எடுத்தது. எல். வைத்தியநாதனின் அந்த முகப்பு இசையும் ஆர்.கே. லக்ஷ்மணின் கோட்டோவியங்களும் சேர்ந்ததுதான் அந்தத் தொடரின் வாசல். இங்கே முகப்பு பாதியில் வெட்டுப்படுகிறது, ஓவியத்தில் மனிதர்களுக்குத் தலை இல்லை. அதில் சுவாமி என்ற சிறுவனின் கதை பல பாகங்களாகத் தொடர்ந்து வருவது. அதை வரிசை மாற்றிப் போட்டிருக்கிறார்கள்.

வெளிநாட்டில் பெரிய நிறுவனங்களே இதைச் செய்து மாட்டிக்கொண்டிருக்கின்றன. 2019இல் டிஸ்னி பிளஸ் 'தி சிம்ப்சன்ஸ்' கார்ட்டூன் தொடரின் பழைய பாகங்களை இதேபோல் மேலும் கீழும் வெட்டிப் போட்டது. மூன்று வகை பீரும் ஒரே குழாயிலிருந்துதான் வருகிறது என்ற நகைச்சுவையில் அந்தக் குழாயே காணாமல் போனது. ரசிகர்கள் விடாமல் கேட்டதால் 2020 மே மாதத்தில் அசல் அளவையும் தேர்ந்தெடுக்க வழி செய்தார்கள். 2021இல் நெட்பிளிக்ஸில் 'சைன்ஃபெல்ட்' நகைச்சுவைத் தொடர் வந்தபோது, சாலைக் குழியைப் பற்றிய எபிசோடில் குழியே திரைக்கு வெளியே போயிருந்தது. டிஸ்னியைப் போல, கேட்டால் மாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள் என்பதால்தான் இதைச் சொல்கிறேன். நம் படங்களுக்காக நாம் யாரும் கேட்பதில்லை.

நான் கேட்டேன். ஸ்கிரீன்ஷாட்களோடு செயலிக்காரர்களுக்கு எழுதி அனுப்பியதற்கு, "உங்கள் டிவியின் ஜூம் அமைப்பைச் சரிபார்க்கவும்" என்று பதில் வந்தது. டிவியில் ஜூம் போட்டிருந்தால் செயலியின் மெனுவும் சேர்ந்துதான் வெட்டுப்படும், அது முழுசாகத் தெரிந்தது. மறுபடி எழுதினால் அதே பதில். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் பதிலே நின்றுவிட்டது. சந்தாவை ரத்து செய்யும் வழியும் செயலிக்குள் இல்லை. சந்தாவில் சுலபமாகச் சேர்த்துவிட்டு வெளியேற முடியாமல் வைப்பதை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு விதிகள் தடை செய்திருக்கின்றன.

செயலியை போனிலிருந்து நீக்கினால் சந்தா நிற்காது. யூபிஐ வழியாகக் கட்டியிருந்தால், பணம் அனுப்பும் உங்கள் யூபிஐ செயலிக்குள் ஆட்டோபே (தானாகப் பணம் எடுக்க அனுமதிக்கும்) பகுதிக்குப் போய் அந்த அனுமதியை ரத்து செய்யுங்கள். தானாகப் பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு வரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி, அந்தக் குறுஞ்செய்தியை விளம்பரம் என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். கட்டுவதாக இருந்தாலும் முதலில் ஒரு மாதத்துக்குக் கட்டி, உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரு நாட்டியக் காட்சியைப் போட்டுப் பாருங்கள். கால் தெரிகிறதா என்று பார்த்தால் போதும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறேன், தமிழிலேயே பேசலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப்போகிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. இதே செயலியில் ஏமாந்தவர்கள் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் பணம் கட்டிய ரசீதையும் பத்திரமாக வைத்துக்கொண்டு நீங்களும் 1915இல் பதியுங்கள்.