மூட்டுக்கும் குடலுக்கும் ஒரே டப்பாவாம்! ஆறு டப்பா காசு போச்சு

சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். கடைப் பெயர் வேண்டாம், மூட்டுக்கும் குடலுக்கும் சேர்த்து ஒரே ‘இயற்கை’ சப்ளிமென்ட் விற்கிற ஆன்லைன் கடை என்றால் போதும். ‘ஆறு மாத கோர்ஸ்’ என்று ஆறு டப்பாவுக்கும் முழுப் பணத்தை முதலிலேயே வாங்கிக்கொண்டார்கள்.

நம்ப வைத்தது லேப் ரிப்போர்ட். கேட்ட உடனேயே அனுப்பினார்கள், முத்திரை, கையெழுத்து எல்லாம் இருந்தது. ஈயம், ஆர்செனிக், காட்மியம், பாதரசம் நான்கும் வரம்புக்குள். சரி, விஷம் இல்லை. ஆனால் உள்ளே மருந்துச் சரக்கு எவ்வளவு என்று ஒரு வரிகூட அதில் கிடையாது. ரிப்போர்ட்டில் இருந்த பேட்ச் எண்ணோ வேறு, டப்பாவில் இருந்ததோ வேறு. டப்பா கைக்கு வருமுன் அதை ஒப்பிட்டுப் பார்க்க யாருக்கும் வழியில்லை, அந்தத் தைரியம்தான் அவர்களுக்கு.

டப்பாவின் முன்பக்கம் கொட்டை எழுத்தில் ‘குளுக்கோசமைன் 1500 மி.கி.’, அதாவது மூட்டுக்கென்று விற்கும் சரக்கு. பின்பக்கம் பொடி எழுத்தில் ‘ஒரு நாள் அளவு: 6 கேப்சூல்’. உள்ளே இருப்பதே 60. பத்து நாளில் ஒரு டப்பா காலி, ஆறு மாத கோர்ஸ் இரண்டு மாதத்தில் முடிந்துவிடும்!

அதற்குக் கீழே ‘சிறப்புக் கலவை 2400 மி.கி.’ என்று மொத்த எடை மட்டும். தனித்தனி அளவு இல்லை. சேர்மானப் பட்டியலில் எடை அதிகமுள்ளது முதலில் வர வேண்டும். இதில் முதலில் நிற்பது இன்யூலின் என்ற நார்ச்சத்து, அடுத்துதான் குளுக்கோசமைன். அது 1500 என்றால் இன்யூலினும் குறைந்தது 1500. இரண்டுமே 3000 ஆகிவிட்டது, கலவையோ 2400. மிச்சமுள்ள கொலாஜன் புரதமும் மஞ்சளின் குர்குமினும் எங்கே உட்காரும்? ஹைட்ரலைஸ்டு (சிறு துண்டுகளாக உடைத்த) கொலாஜனை ஆய்வுகளில் நாளுக்கு 10 கிராம் வரை கொடுக்கிறார்கள். இங்கே முழுக் கலவையே இரண்டரை கிராம் தேறாது.

இந்த இன்யூலின் மலிவானது. பெருங்குடலில் புளித்து வாயுவாகும். ஏற்கெனவே முரண்டு பிடிக்கிற வயிறு இன்னும் உப்பும். உப்பியது என்று சொன்னதற்கு வந்த பதில்: “நச்சு வெளியேறுது, டோஸை டபுள் பண்ணுங்க.” கணக்கைக் காட்டியதும், “சீல் உடைச்சா ரிட்டர்ன் இல்லை.” பேட்ச் எண்ணைக் கேட்டதும், “மேலிடத்துக்கு அனுப்பியிருக்கோம்.” பிறகு பிளாக். ஆறு டப்பா காசு!

வாங்குகிறவர்களுக்கு, அவசரமாக:

‘கலவை’ என்று மொத்தம் மட்டும் போட்டிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். குடலுக்கு நல்ல பாக்டீரியா என்று விற்கும் புரோபயாடிக்கில் ‘லாக்டோபாசில்லஸ்’ என்று பொத்தாம்பொதுவாகப் போட்டிருந்தால் போதாது, ‘ராம்னோசஸ் ஜிஜி’ மாதிரி ஸ்ட்ரெயின் (உள்வகை) அடையாளம் வேண்டும். பாக்டீரியா எத்தனை பில்லியன் என்ற கணக்கு தயாரித்த அன்றைக்கா, காலாவதி நாள் வரைக்குமா என்று பாருங்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் குளுக்கோசமைனைத் தொடாதீர்கள்.

இன்னொன்று, இதுதான் ஆபத்து. ‘மூலிகை’ மாத்திரையில் இரண்டே நாளில் மூட்டு வலி மாயமானால் சந்தேகப்படுங்கள். மூட்டு வலி சப்ளிமென்ட் சிலவற்றில் லேபிளில் சொல்லாத டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தும் டெக்சாமெத்தசோனும் இருந்ததாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2022-இல் எச்சரித்தது. பின்னது ஸ்டீராய்டு. முகம் வீங்கும், சர்க்கரை ஏறும். பல நாள் சாப்பிட்டிருந்தால் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து, டப்பாவோடு டாக்டரிடம் போங்கள்.

கார்டில் கட்டியவர்கள் லேபிளின் இரு பக்கத்தையும் படமெடுத்து, வங்கியில் ‘சொன்ன பொருள் வரவில்லை’ என்று டிஸ்ப்யூட் (பணத்தைத் திரும்பக் கேட்கும் புகார்) போடுங்கள். ஆறு டப்பா காசுக்கு நானும் அதைத்தான் போட்டிருக்கிறேன்.