காரைக்குடியில் ஒரு தையற்கடை: என் ஜாக்கெட்டும் ஆஸ்கரும்

முதலில் கடை எங்கே என்று சொல்லிவிடுகிறேன். காரைக்குடியில் கொப்புடையம்மன் கோயிலிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஒரு சந்து, அதில் ஒரு பழைய வீட்டுத் திண்ணையை மறைத்துத் தகரக் கதவு போட்டிருப்பார்கள், அதுதான் கடை. பெயர்ப் பலகை கிடையாது. இரண்டு தையல் மெஷின், ஒரு ஓவர்லாக் மெஷின், துணி வெட்டும் பலகை, சுவரில் போன வருஷத்துக் காலண்டர். உள்ளே இருப்பவருக்கு 60 வயதுக்கு மேல் இருக்கும், அந்தத் தெருவில் எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் கொடுத்தது இரண்டு வேலை. பேட்ச், அதாவது இசைக்குழுச் சின்னம் போட்ட துணித் துண்டுகள், தைக்க வேண்டிய கையில்லாத ஜீன்ஸ் ஜாக்கெட் ஒன்று, அப்புறம் வாய் கிழிந்து போன, ஆஸ்கர் என்ற ஒரு பொம்மை. இரண்டுமே நன்றாக வந்திருக்கிறது, பொம்மை நான் நினைத்ததை விட நன்றாக வந்திருக்கிறது.

ஏன் ஒரு தையற்கடைக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன் என்றால், இந்த இரண்டையும் ஒரே பையில் வைத்து எடுத்துக்கொண்டு போனால் ஊரில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

நான் மெட்டல் என்கிற கனத்த ராக் இசை கேட்கிறவன். தோள் வரை முடி, தாடி, இரண்டு காதிலும் வளையம், வருஷம் முழுக்கக் கறுப்பு டி-ஷர்ட். கார்த்திகை பிறந்துவிட்டால் இந்த ஊரில் என்னைப் போல மரியாதை பெற்ற ஆள் இல்லை. தேவகோட்டை பஸ்ஸில் ஏறினால் "சாமி, இப்படி உட்காருங்க" என்று இடம் விடுகிறார்கள், மாலை போட்டிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு. தை பாதியில் அதே பஸ், அதே சட்டை, அதே தாடி, பக்கத்து சீட்டுக்காரர் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்கிறார். கஞ்சா அடிக்கிற பையன் என்று எங்கள் தெருவிலேயே பேசியிருக்கிறார்கள். நான் பீடி கூடக் குடித்ததில்லை. அம்மா இதையெல்லாம் கேட்டு வருத்தப்பட்ட நாட்கள் உண்டு, அது மட்டும்தான் எனக்கு உண்மையிலேயே வலித்தது.

அந்த ஜாக்கெட் கல்லூரிக் காலத்தில் வாங்கியது. 2011 அக்டோபர் 30 அன்று பெங்களூரு பேலஸ் கிரவுண்ட்ஸில் மெட்டாலிகா என்ற மெட்டல் குழு வாசித்தபோது அதைப் போட்டுக்கொண்டுதான் போனேன். காரைக்குடியிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போய், முன்பின் தெரியாத ஆயிரக்கணக்கான கறுப்புச் சட்டைகளுக்கு நடுவில் நின்றேன். பாட்டுக்கு ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டு ஆடுவதை வெளியிலிருந்து பார்த்தால் அடிதடி மாதிரி இருக்கும், ஆனால் அந்தக் கூட்டத்தில் ஒருவன் கீழே விழுந்தால் சுற்றி நிற்கிற நாலு பேர் உடனே கையைப் பிடித்துத் தூக்கிவிடுவார்கள், அது எழுதாத சட்டம். அன்று என்னையும் யாரோ தூக்கிவிட்டார்கள், முகம் கூட ஞாபகமில்லை. அதற்கப்புறம் ஒவ்வொரு இசைக்குழுவின் பேட்ச்சாகச் சேர்த்து வைத்தேன். மெட்டல் கேட்கிறவர்களிடம் இது பழைய வழக்கம். எந்தக் குழுவைக் கேட்டு வளர்ந்தோமோ அதை முதுகில் தைத்துக்கொள்வது. 11 பேட்ச் சேர்ந்துவிட்டது, தைக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை.

பொம்மைக்கு வேறு கதை. பள்ளத்தூரில் அப்பத்தா வீட்டை ஒழித்தபோது இரும்புப் பெட்டிக்குள் கிடைத்தது. நான் பால்வாடிப் பருவத்தில் இருந்தபோது சிங்கப்பூர் அத்தை வாங்கி வந்த ஆஸ்கர், செஸமி ஸ்ட்ரீட் என்ற அமெரிக்கக் குழந்தைகள் டிவி நிகழ்ச்சியில் குப்பைத்தொட்டிக்குள் குடியிருக்கிற பச்சை நிற ஆசாமி. கையை உள்ளே விட்டு வாயை அசைத்துப் பேசவைக்கிற பொம்மை. கூடவே ஒரு வீடியோ கேசட்டும் வந்தது, ஒரு வார்த்தை ஆங்கிலம் புரியாமல் தேய்ந்து போகும் வரை பார்த்தேன். மற்ற பொம்மைகள் எல்லாம் சிரித்துக்கொண்டே இருக்கும், இவன் மட்டும் உர்ரென்று இருப்பான், என்னைத் தொந்தரவு செய்யாதே என்பான், அப்படியும் அந்தத் தெருவில் யாரும் அவனைத் துரத்த மாட்டார்கள். அவனை எனக்கு ஏன் அவ்வளவு பிடித்தது என்று அப்போது தெரியாது, இப்போது தெரிகிறது.

இந்த இரண்டையும் எடுத்துக்கொண்டு முதலில் வேறொரு கடைக்குப் போனேன். ஜாக்கெட்டில் மண்டை ஓட்டுப் பேட்ச்சைப் பார்த்ததும் இதெல்லாம் இங்கே தைக்க மாட்டோம் என்றார் அங்கிருந்தவர். சரி, பொம்மையையாவது பாருங்கள் என்று எடுத்தேன். "இந்த வயசுல பொம்மையா?" என்று பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். ஜாக்கெட்டைப் பார்த்தால் ரவுடி, பொம்மையைப் பார்த்தால் பச்சைப்பிள்ளை, இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

மாஸ்டர் கடையில் நடந்தது வேறு. என்னை நிமிர்ந்து ஒருமுறை பார்த்தார், அப்புறம் கண் முழுக்கத் துணி மேல்தான். ஜாக்கெட்டை வாங்கி உள்பக்கம் திருப்பி, ஏற்கனவே நான் பசை போட்டு ஒட்டிப் பார்த்த இடங்களைத் தடவினார். "ஒட்டுனா நாலு துவைக்குத் தாங்காது தம்பி, ஓரம் ஓரமாத் தைக்கணும், இந்தத் துணிக்குப் பெரிய ஊசி போடணும்" என்றார். ஒவ்வொரு பேட்ச்சும் எங்கே வரவேண்டும் என்று கேட்டுச் சாக்கட்டியால் கோடு போட்டார். மண்டை ஓட்டைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. இது யாரு, இது என்ன பாட்டு என்று கேட்டுக்கொண்டே போனார்.

பிளாக் சபாத் குழுவின் பேட்ச் வந்தபோது, ஊசி குத்தாமலிருக்க மாஸ்டர் விரலில் மாட்டியிருந்த பித்தளைக் குப்பியைப் பார்த்தேன், உடனே அந்தக் குழுவின் கிடார்காரர் டோனி அயோமி கதையைச் சொன்னேன். பர்மிங்காம்காரர், 17 வயதில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது வலது கையில் இரண்டு விரல் நுனி போய்விட்டது. அவர் இடது கைப் பழக்கக்காரர், அதனால் தந்தியை அழுத்தவேண்டியது அந்த வலது கைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குக் குப்பி செய்து, பதப்படுத்திய தோலை வெட்டி அதன்மேல் ஒட்டி, அதை மாட்டிக்கொண்டு கிடார் வாசித்தார். விரலுக்கு வலிக்கக்கூடாது என்று தந்தியையும் தளர்த்திக் கட்டினார், மெட்டலின் அந்தக் கனத்த சத்தத்துக்கு அதுவும் ஒரு காரணம். மாஸ்டர் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். தன் குப்பியைக் கழற்றி என் கையில் கொடுத்து, "எங்க அப்பா போட்டது" என்றார். அந்தப் பேட்ச்சை மட்டும் மெஷினில் தைக்கவில்லை, கையால் தைத்திருக்கிறார். தையல் எங்கே இருக்கிறது என்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆள்காட்டி விரலும் சுண்டுவிரலும் நீட்டிய கை ஒரு பேட்ச்சில் இருக்கும். அது என்ன மாட்டுக்கொம்பா என்றார். ரானி ஜேம்ஸ் டியோ என்ற பாடகர் மேடையில் காட்டிக் காட்டிப் பரவிய முத்திரை அது, இத்தாலியைச் சேர்ந்த தன் பாட்டி கண்ணேறு கழிக்க அப்படிச் செய்வாள் என்று அவரே சொல்லியிருக்கிறார். பேய் வணக்கம் என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. மாஸ்டர் சொன்னது, "அப்ப நம்ம உப்பு மிளகாய் சுத்திப் போடுற மாதிரிதான்." அவ்வளவுதான், அடுத்த பேட்ச்சுக்குப் போய்விட்டார்.

இனி பொம்மை. இதுதான் கஷ்டமான வேலை. உள்ளே இருந்த ஸ்பாஞ்ச் பழசாகிப் பொடிப்பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது, வாய்க்குள் வைத்த அட்டை ஊறிப் போயிருந்தது, கழுத்தில் ஒரு கிழிசல், புருவம் பாதி தொங்கியது. முதலில் தையலைப் பிரித்து உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்துப் பொம்மையைத் தோல் மாதிரி தட்டையாக்கி வைத்தார், அதைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அதே பச்சையில் ரோமத்துணி கடைத்தெருவில் எங்கும் கிடைக்கவில்லை. அதனால் அடிப்பக்கம் உள்ளே மடித்துத் தைத்திருந்த பட்டியைப் பிரித்து, அந்தத் துணியிலேயே கழுத்துக் கிழிசலுக்கு ஒட்டுப் போட்டிருக்கிறார். மடிப்புக்குள் இருந்ததால் அந்த இடம் சாயம் போகாமல் கொஞ்சம் பளிச்சென்று இருக்கிறது, கூர்ந்து பார்த்தால் தெரியும். வாய்க்குப் பழைய பிளாஸ்டிக் ஃபைல் அட்டையை வெட்டி வைத்து, மேலே சிவப்பு லைனிங் கொடுத்திருக்கிறார். புதிதாக ஸ்பாஞ்ச் போட்டிருக்கிறார்.

ஆஸ்கரைப் பற்றியும் அவருக்குச் சொன்னேன். 1969இல் முதலில் வந்தபோது அவன் ஆரஞ்சு நிறம், அடுத்த வருஷம்தான் பச்சை ஆனான். அவனை ஆட்டியவர் கேரல் ஸ்பின்னி. அதே மனிதர்தான் அந்த நிகழ்ச்சியில் பிக் பேர்ட் என்ற பெரிய மஞ்சள் பறவைக்குள்ளும் நின்றவர், 2015 வரைக்கும்; அப்புறம் 2018 வரை குரல் மட்டும். குழந்தை மனசுள்ள பறவையும் எரிந்து விழுகிற குப்பைத்தொட்டிக்காரனும் ஒரே ஆள். இதில் என்ன ஆச்சரியம் என்பதுபோல மாஸ்டர் பார்த்தார். சின்ன வயதில் அவர் ஊரில் மழை வேண்டித் தோல்பாவைக் கூத்து வைப்பார்களாம். "திரைக்குப் பின்னால ஒரே ஆளுதான் தம்பி. ராமனும் அவரே, ராவணனும் அவரே, சிரிக்கவைக்கிற உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் அவரே" என்றார். அப்புறம் உச்சிக்குடும்பன் குரலில் இரண்டு வரி பேசிக் காட்டினார். கையில் பாதி தைத்த ஆஸ்கர். ராமாயணம் மறந்துவிட்டது, அந்தக் குடுமிக்காரன் மட்டும் அப்படியே இருக்கிறான் என்றார். இந்த 5 நிமிஷத்துக்காகவே நான் அந்தக் கடைக்கு இன்னும் பத்து தடவை போவேன்.

மெட்டலும் பொம்மையும் ஒட்டாது என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று. தலை வெட்டும் கில்லட்டின் இயந்திரமும் பாம்புமாக மேடையில் பயமுறுத்திய ராக் பாடகர் ஆலிஸ் கூப்பர் 1978இல் ஆஸ்கரின் இனமான மப்பெட் பொம்மைகளோடு டிவியில் ஆடிப் பாடியிருக்கிறார். அந்தக் கூட்டத்திலேயே டிரம்ஸ் அடிக்கிற அனிமல் என்ற பொம்மை இருக்கிறது, நான் பார்த்த டிரம்மர்களில் பாதிப் பேருக்கு அதுதான் குலதெய்வம்.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். ஒரு வாரத்தில் தருகிறேன் என்றார், 19 நாள் ஆனது, இரண்டு தடவை சும்மா போய்த் திரும்பினேன். ஃபோன் எடுப்பதில்லை. முதல் இரண்டு பேட்ச்சைக் கறுப்பு ஓரத்தில் வெள்ளை நூல் போட்டுத் தைத்துவிட்டார், சொன்னதும் பேச்சில்லாமல் பிரித்து மறுபடி தைத்தார், ஆனால் சொல்லாவிட்டால் அப்படியே வந்திருக்கும். அதனால் நூல் நிறத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பொம்மையின் வாய் புது அட்டையால் கொஞ்சம் விறைப்பாக இருக்கிறது, பழகினால் தளரும் என்கிறார், பார்க்கலாம். ரசீது கிடையாது. வேலை நடக்கும்போது ஜாக்கெட்டைக் கடைக்கு வெளியே ஆணியில் மாட்டிவைக்கிறார், வெயில் நேராக விழுகிறது, அது எனக்குப் பிடிக்கவில்லை.

விலை: ஒரு பேட்ச்சுக்கு 30 ரூபாய், 11 பேட்ச்சுக்கு 330. பொம்மைக்கு 250. மொத்தம் 580. நான் 600 கொடுத்து மிச்சம் வேண்டாம் என்றேன், 20 ரூபாயைத் தேடி எடுத்துக் கையில் வைத்தார்.

வாங்கின அன்று ஆஸ்கரைக் கையில் மாட்டிக்கொண்டே சந்திலிருந்து வெளியே வந்தேன். பள்ளிவிட்டு வந்த ஒரு சின்னப் பெண் நின்று என்னையும் பொம்மையையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆஸ்கர் வாயைத் திறந்து "போ, போ" என்றான். அவள் சிரித்துவிட்டு அவன் புருவத்தைத் தொட்டுப் பார்த்தாள். கூட வந்த அவள் அம்மா கையைப் பிடித்து இழுக்கவில்லை, இது எங்கே தைத்தது என்று கேட்டார். மாஸ்டர் கடை இருக்கிற சந்துப் பக்கம் கையைக் காட்டினேன்.

போகிறவர்கள் காலை 10 மணிக்கு மேல் போங்கள், மதியம் சாப்பாட்டுக்கு அடைத்துவிட்டு 4 மணிக்குத்தான் திறப்பார். தீபாவளி நெருங்கும்போது புதுத்துணி வேலை குவிந்திருக்கும், பழைய பொம்மையெல்லாம் வாங்கமாட்டார். பொம்மை எடுத்துப் போவதாக இருந்தால் வீட்டிலேயே நன்றாகத் தூசி தட்டி, ஒரு மணி நேரம் நிழலில் காயவைத்துக் கொண்டுபோங்கள், மாஸ்டருக்குத் தூசி பட்டால் மூச்சிரைக்கிறது.