பைல்ஸ் எண்டு சொன்ன கட்டி, மெலனோமா கான்சர் எண்டு கண்டுபிடிச்ச நாரஹேன்பிட்டி லேப்

எங்கட பெரியம்மாவின்ட பயப்சிய (சோதிக்க எடுத்த சதைத்துண்டை) ரெண்டாந்தரம் பாத்துத் தந்த ஒரு லேப்பைப் பற்றித்தான் எழுதுறன். அஞ்சுக்கு நாலு ஸ்டார். முதல் போன இடத்தோட மனவருத்தம் இருக்கிறபடியா அந்த இடத்துக்கும் இந்த லேப்புக்கும் பேர் போடேல்ல.

பெரியம்மா கொழும்பு வெள்ளவத்தையில இருக்கிறா. வெளிக்குப் போகேக்க ரத்தம் போகுது எண்டு கன நாளா சொல்லிக்கொண்டிருந்தவ, பக்கத்து டிஸ்பென்சரியில பைல்ஸ் எண்டு பூசுற மருந்தும் மலச்சிக்கலுக்கு பாணியும் குடுத்து அனுப்பிட்டினம், கையால சோதிச்சுக் கூட பாக்கேல்ல. பிறகு களைப்பு கூடி, முகம் வெளிறி, ஹீமோகுளோபின் நல்லா இறங்கின பிறகுதான் பிரைவேட்டில ஒரு சேர்ஜனை சனல் பண்ணி கொலனோஸ்கோபி, அதாவது குடலுக்குள்ள கமரா விட்டுப் பாக்கிற சோதனை செய்தது. ஆசனவாய்க்கு கொஞ்சம் மேல ஒரு கட்டி. படத்தில நானும் பாத்தனான், கறுப்பே இல்ல, ரோஸ் நிறம், நுனியில மட்டும் புண். அங்க குடுத்த றிப்போட்டில கான்சர் எண்டு இருந்துது, என்ன வகை எண்டு தெளிவா இல்ல, ஆனா வழமையா வாற குடல் கான்சர் மாதிரி கீமோ ரேடியேஷன் தொடங்குவம் எண்டுதான் கதைச்சவை. எங்கட சொந்தக்கார டொக்டர் ஒராள்தான், "கீமோவுக்கு முதல் அந்த புளொக்கை வாங்கி வேற ஒரு பதொலஜிஸ்டிட்ட காட்டுங்கோ" எண்டு நிண்டவர். பதொலஜிஸ்ட் எண்டா சதையை மைக்ரோஸ்கோப்பில பாத்து என்ன வருத்தம் எண்டு சொல்லுற டொக்டர்.

புளொக் எண்டா, எடுத்த சதைத்துண்டை மெழுகுக்குள்ள பதிச்சு விரல் நகமளவு வெள்ளைக் கட்டியா சின்ன பிளாஸ்டிக் கூட்டில நம்பர் போட்டு வைச்சிருப்பினம், எழுதிக் கேட்டா தருவினம். திரும்ப ஆளைப் படுக்க வைச்சு சதை எடுக்கத் தேவையில்ல, அந்தக் கட்டியில இருந்தே மெல்லிசா சீவி புதுசா பாக்கலாம். இது கன பேருக்குத் தெரியாது.

இந்த லேப்பில எனக்கு மனசுக்குப் பிடிச்ச விஷயம், பதொலஜிஸ்ட் டொக்டரே கோல் எடுத்தவ. அவ சிங்களமும் இங்கிலிஷும், நான் எனக்கு வந்த மாதிரி. உடம்பில மச்சம் ஏதும் வெட்டி எடுத்ததோ, கண்ணில ஏதும் கட்டி இருந்ததோ, உள்ளங்கால், நகத்துக்குக் கீழ பாத்தனீங்களோ எண்டு ஒவ்வொண்டா கேட்டா. ஏன் கேக்கிறா எண்டு கேக்க பொறுமையா விளங்கப்படுத்தினா. மெலனோமா தோலில வாறது எண்டுதான் எல்லாரும் நினைக்கிறம், ஆனா நிறம் குடுக்கிற செல் உள்ளுக்கிருக்கிற ஈரச்சவ்விலயும் இருக்குதாம், அங்கயே தொடங்கிறது மொத்த மெலனோமாவில நூற்றில ஒண்டளவுதான், வெயிலுக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல. சமிபாட்டுப் பாதையில அப்பிடித் தொடங்கினா கூடுதலா ஆசனவாய்ப் பக்கம்தான். சிறுகுடலில கண்டா பெரும்பாலும் தோலில இருந்து பரவினதாத்தான் இருக்கும், அதுதான் மச்சத்தைப் பற்றி அவ்வளவு கேள்வி.

எங்கட கட்டி மாதிரி நிறமே இல்லாமலும் வருமாம், அப்ப மைக்ரோஸ்கோப்பில வேற கான்சர் மாதிரியே தெரியும். அதால எஸ்100, சொக்ஸ்10, எச்எம்பி45, மெலன்-ஏ எண்டு தனித்தனி சாயம் போட்டுப் பாத்தவை, எல்லாம் பொசிட்டிவ், அது மெலனோமாவைத்தான் காட்டுது, சாதாரண குடல் கான்சரில பிடிக்கிற கெரட்டின் சாயம் நெகட்டிவ். கிட் எண்ட சாயமும் பிடிச்சிருந்துது, ஆனா அது ஜிஸ்ட் எண்ட வேற கட்டியிலயும் பிடிக்கும், அதை மட்டும் வைச்சு முடிவு சொல்லேலாது எண்டு றிப்போட்டிலயே ஒரு வரி எழுதியிருந்தவை. அந்த ஒரு வரிக்காகவே காசு குடுக்கலாம்.

ஏனெண்டா இதுக்குப் பிறகு வைத்தியமே மாறிட்டுது. குடல் கான்சருக்குக் குடுக்கிற கீமோவுக்கு மெலனோமா பெரிசா அசையாது. ஆசனவாயையே எடுத்து வயித்தில நிரந்தரமா பை வைக்கிற பெரிய ஒப்பரேஷன் செய்தாலும், கட்டியை மட்டும் சுத்தி நல்ல சதையோட வெட்டினாலும் ஆயுளில வித்தியாசம் காட்டேல்ல எண்டு புது சேர்ஜன் சொன்னவர். பெரியம்மாக்கு பையெண்டாத்தான் பயம், அதைக் கேட்டு அழுதிட்டா. சின்ன ஒப்பரேஷனே செய்தது.

பிறகு மஹரகம அபேக்ஷா கான்சர் ஆஸ்பத்திரிக்கு, 138 பஸ்ஸில விடியவே. சனம் எண்டா சொல்லி வேலையில்ல, எண்டாலும் கவர்மென்ட் ஆஸ்பத்திரி, அந்த றிப்போட்டை வரி வரியா வாசிச்சிட்டுத்தான் டொக்டர் கதைச்சவர். கிட், பிராஃப் ஜீன் டெஸ்டும் கேட்டவர், அதுக்கும் அதே புளொக் போதும், லேப்பே இந்தியாவுக்கு அனுப்பி எடுத்துத் தந்தது. கிட்டில மாற்றம் இருந்தா இமாட்டினிப் எண்ட குளிசை சில பேருக்கு வேலை செய்யும், பிராஃப் மாற்றம் தோல் மெலனோமாவிலதான் கூட. எங்களுக்கு ரெண்டும் இல்ல. மற்றது இம்யூனோதெரபி, அதாவது உடம்பின்ட எதிர்ப்பு சக்தியையே கான்சரோட சண்டை பிடிக்க வைக்கிற வைத்தியம், 2014ல அமெரிக்காவில அனுமதி கிடைச்ச பெம்புரோலிசுமாப், நிவோலுமாப் எல்லாம், 2018 நோபல் பரிசே இந்த வழியைக் கண்டுபிடிச்ச ரெண்டு பேருக்குத்தான். ஈரச்சவ்வு மெலனோமாவுக்கு தோலில மாதிரி அவ்வளவு பலன் இல்ல எண்டதையும் டொக்டர் மறைக்காம சொன்னவர். பெரியம்மாக்கு ஊசி ஏறிக்கொண்டிருக்கு, கடைசி ஸ்கேனில புதுசா ஒண்டும் இல்ல.

ஒரு ஸ்டார் ஏன் குறைச்சனான் எண்டா, ஒவ்வொரு சாயத்துக்கும் தனித்தனி காசு எண்டு கவுண்டரில முதலே சொல்லேல்ல, பில் வரேக்க திடுக்கிட்டம். தமிழ் கதைக்க அங்க ஒராளும் இல்ல, வருத்தக்காரர் தனியப் போனா கஷ்டப்படுவினம். இதை அவை கட்டாயம் திருத்த வேணும்.

போறாக்கள் புளொக்கோட முதல் றிப்போட், ஸ்லைட், கொலனோஸ்கோபி படம், எப்பவாவது மச்சம் எடுத்திருந்தா அந்தத் துண்டு எல்லாம் கொண்டு போங்கோ. மொத்தக் காசு எவ்வளவு வரும் எண்டு எழுதி வாங்குங்கோ. வேலை முடிய புளொக்கைத் திருப்பி எடுக்க மறக்காதேங்கோ, ஜீன் டெஸ்டுக்கு திரும்பத் தேவைப்படும்.