வெளிநாட்டு வாலண்டியரை எங்கே தங்கவைப்பது: வளாகமா, பாளையங்கோட்டையா, ஊர் வீடா?

களக்காடு பக்கம் இருக்கும் எங்கள் சிறப்புப் பள்ளிக்கு வருடத்துக்கு ஒருவரோ இருவரோ வெளிநாட்டிலிருந்து வாலண்டியராக வருகிறார்கள். பெரும்பாலும் ஜெர்மனிக்காரர்கள். அங்கே 2008-இல் தொடங்கிய வெல்ட்வேர்ட்ஸ் என்ற அரசுத் திட்டம் 18 முதல் 28 வயதுக்குள் உள்ளவர்களை இப்படி அனுப்புகிறது. வந்து இறங்குவது பள்ளிப் படிப்பை முடித்த கையோடு புறப்பட்ட பத்தொன்பது வயதுப் பிள்ளையாகத்தான் அநேகமாக இருக்கும். அந்தப் பிள்ளைக்கு என்ன வேலை கொடுக்கலாம் என்று நாங்கள் கூட்டம் போட்டுப் பேசுவோம். எங்கே தங்கவைப்பது என்பதை மட்டும் கடைசி வாரத்தில் அவசரமாக முடிவுசெய்வோம். பல வருடம் இந்தப் பொறுப்பைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது தலைகீழான வரிசை. வேலை சரியில்லை என்றால் ஒரு வாரத்தில் மாற்றிக் கொடுத்துவிடலாம். ராத்திரி படுக்கிற இடம் சரியில்லை என்றால் அந்த வருடமே போச்சு.

நெல்லைச் சீமையில் வெள்ளைக்காரர் வந்து தங்குவது புதிதில்லை. மிஷனரியாக வந்த கால்டுவெல் 1841-இல் இடையன்குடிக்கு வந்து சேர்ந்தார். எமி கார்மைக்கேல் என்ற இன்னொரு மிஷனரி பக்கத்து டோனாவூரிலேயே இருந்து, 1951-இல் இறக்கும்வரை சொந்த நாட்டுக்குத் திரும்பவே இல்லை. அவர்கள் ஆயுள் முழுக்க இருக்க வந்தவர்கள். பன்னிரண்டு மாதத்தில் விமானம் ஏறப் போகிற பிள்ளைக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

எங்கள் முன்னால் எப்போதும் மூன்று வழிகள் உண்டு. பள்ளி வளாகத்துக்குள் ஓர் அறை, பாளையங்கோட்டையில் ஒரு வாடகை வீடு, ஊருக்குள் ஒரு குடும்பத்தோடு. மூன்றிலும் ஆளை வைத்துப் பார்த்துவிட்டோம்.

வளாகத்து அறைதான் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. தண்ணீர் இருக்கும், காவலர் இருப்பார், காய்ச்சல் வந்தால் கவனிக்க ஆள் இருக்கும். காகித வேலையும் சுலபம். வெளிநாட்டவர் யார் இடத்தில் தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் அவர் வந்து தங்கிய விவரத்தை, சி படிவம் என்று நாங்கள் சொல்லிப் பழகிய படிவத்தில், இணையத்தில் ஏற்ற வேண்டியது தங்கவைத்தவரின் கடமை. லாட்ஜுக்கு மட்டுமல்ல, வீட்டுக்கும் இதுதான் விதி. பள்ளிக்கு இது பழகின வேலை, பாஸ்போர்ட், விசா நகல்களை வாங்கி அன்றைக்கே முடித்துவிடுவோம்.

ஆனால் வளாகத்தில் வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே வாசல்படி கிடையாது. ஞாயிறு காலை ஆறு மணிக்கே ‘அக்கா, அக்கா’ என்று கதவைத் தட்டும் சத்தம் கேட்கும். முதல் இரண்டு மாதம் அது சந்தோஷம். அப்படித் தங்கியிருந்த ஒரு பெண் ஐந்தாவது மாதத்தில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே அழுதுகொண்டிருந்ததை எங்கள் சமையல்கார அம்மாதான் வந்து சொன்னார். அந்தப் பெண்ணைவிடப் பிள்ளைகளுக்குத்தான் இதில் கூடுதல் பாதிப்பு. விடுதிப் பிள்ளைகள் ஏற்கனவே வீட்டைப் பிரிந்து வந்தவர்கள். ராத்திரி பகலாகக் கூடவே இருந்த அக்கா ஒரு நாள் பெட்டியோடு வேனில் ஏறிப் போய்விட்டால், காது கேளாத ஏழு வயதுப் பிள்ளைக்கு அதை எந்தச் சைகையில் விளக்குவது? அந்தப் பிள்ளை மூன்று நாள் அந்த அறை வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். அதைப் பார்த்தபின் நீண்ட நாள் தங்குகிறவர்களை வளாகத்தில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. தங்குமிடத்தைப் பற்றிப் பேசும்போது வருகிறவருக்கு எது வசதி என்று மட்டும் கேட்கிறோம், பிள்ளைகளுக்கு எது நல்லது என்பதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

பாளையங்கோட்டை வீட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கதவைப் பூட்டினால் அது அவர்களின் உலகம். பேக்கரி, ஏடிஎம், நல்ல ஆஸ்பத்திரி எல்லாம் பக்கத்தில். சனிக்கிழமை கூந்தன்குளத்துக்குப் பறவை பார்க்கவோ கன்னியாகுமரிக்கோ கிளம்புவதும் எளிது. ஆனால் பள்ளிக்கு வந்துபோகவே பஸ்ஸில் பாதித் தெம்பு போய்விடும். வெளிநாட்டுக்காரர், அதிலும் தனியாக இருக்கும் பெண் என்றால், வீட்டுக்காரர்கள் சி படிவம், போலீஸ் ஸ்டேஷன் என்று யோசித்துத் தயங்குவார்கள். எல்லாவற்றையும் விட, தமிழ் வராது. நகரத்தில் ஆங்கிலத்தை வைத்தே நாளை ஓட்டிவிடலாம். பத்து மாதம் அங்கே இருந்த ஒரு பையனுக்கு ஊருக்குக் கிளம்பும்போது ‘போதும்’, ‘எவ்வளவு’ இரண்டு சொல்தான் தெரிந்திருந்தது. நல்ல பையன், உழைப்பாளி. தப்பு எங்களுடையது.

அப்புறம் ஊர் வீடு. இதில் ஆரம்பம்தான் சிரமம். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள், நம் வீடுகளில் வெள்ளைக்கார விருந்து மூன்று வாரத்துக்குக் குறையாது. தினமும் அவியல், சொதி, அப்பளம். தட்டைக் கழுவ எழுந்தால் நாலு பேர் ஓடிவந்து பிடுங்கிக்கொள்வார்கள். பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்து, ‘சாப்ட்டாச்சா?’ என்று ஒரு நாளைக்கு ஆறு தடவை கேட்பார்கள். அந்தப் பிள்ளைக்கு மூச்சு முட்டும், அந்த வீட்டுக்கும் செலவு தாங்காது.

ஒரு வருடம் அங்கே ஆச்சி ஒருத்தர் இருக்கும் வீட்டில் ஒரு பெண்ணைத் தங்கவைத்திருந்தோம். நாலாவது வாரம் ஒரு சாயங்காலம் நான் போயிருந்தபோது திண்ணையில் முருங்கைக் கீரை குவிந்து கிடந்தது. ஆச்சி அவளைப் பார்த்து, “ஏ தாயி, சும்மாதான இருக்க, இந்தக் கீரைய உருவித் தா” என்றார். அவள் ஒவ்வோர் இலையாகக் கிள்ளத் தொடங்கினாள். ஆச்சி கையை நீட்டிக் காம்பின் நுனியைப் பிடித்து, இரண்டு விரலுக்கு நடுவே ஒரே இழுப்பாக இழுத்துக் காட்டினார். மூன்றாவது காம்பில் அவளுக்குக் கை வந்துவிட்டது. மறுநாள் முதல் சொதி நின்றது. வீட்டில் எல்லோரும் சாப்பிடுகிற பழைய சோறும் சுண்டவைத்த குழம்பும் அவள் தட்டுக்கும் வந்தன. ஆச்சியின் மருமகளை ‘மைனி’, அதாவது அண்ணி, என்று கூப்பிடத் தொடங்கினாள். ‘என்ன செய்யுதிய’ என்று நெல்லைத் தமிழிலேயே கேட்கவும் வந்துவிட்டது. பள்ளிக்கு வந்தால் பிள்ளைகளின் அம்மாமாரோடு உட்கார்ந்து பேசினாள், அவர்கள் எங்களிடம் சொல்லாத கஷ்டங்களை அவளிடம் சொன்னார்கள். அவள் கிளம்பிய அன்று பிள்ளைகள் அழுதார்கள்தான். ஆனால் சாயங்காலமானால் அக்கா அவள் வீட்டுக்குப் போய்விடுவாள் என்று தினமும் பார்த்துப் பழகியிருந்ததால், அந்த மூன்று நாள் வாசல் காத்திருப்பு திரும்ப நடக்கவில்லை.

அதற்காக எந்த வீடானாலும் சரி என்று சொல்ல மாட்டேன். முதலில், எந்தத் தெரு என்று பார்க்க வேண்டும். இதை வெளியில் பேசக் கூச்சப்படுகிறோம், ஆனால் உண்மை. ஒரு தெருவில் குடிவைத்தால் இன்னொரு தெருப் பிள்ளைகள் அந்த வாசலுக்கு வர மாட்டார்கள் என்ற நிலைமை நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. எல்லோரும் வந்துபோகிற வீடாகத் தேடிப் பிடிப்பது கஷ்டம், ஆனால் தேடத்தான் வேண்டும். அடுத்தது, வீட்டுக்கு விலக்கான நாளில் அடுக்களைப் பக்கம் வரக் கூடாது என்கிற வீடா என்று முன்கூட்டியே கேட்டு, வருகிறவரிடம் சொல்லிவிட வேண்டும். அன்றைக்குத்தான் தெரிந்தால் மனசு உடைந்துவிடும். அறைக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் கட்டாயம். அப்புறம் பணம். ‘சோத்துக்குக் காசா?’ என்று கோபித்துக்கொள்வார்கள். கோபித்தாலும், மாதம் பிறந்ததும் வீட்டுச் செலவை நடத்தும் பெண்ணின் கையில் பள்ளியே கொடுத்துவிட வேண்டும். சி படிவத்தையும் வீட்டுக்காரர் தலையில் போடாமல், கூட உட்கார்ந்து ஏற்றிக் கொடுக்க வேண்டும்.

ஒரு மாதத்துக்கு மட்டும் வருகிறவர் என்றால் என் பதில் வேறு. சுற்றுலா விசாவில் சம்பளமில்லாத சேவைக்கு இருக்கும் அனுமதியே அதிகபட்சம் ஒரு மாதம்தான், அதற்கு மேல் என்றால் வேலை விசா வாங்கித்தான் வர வேண்டும். அந்த ஒரு மாதமும் ஊர் வீட்டில் விருந்திலேயே கழிந்துவிடும், கீரை உருவும் நாள் வராது. அவர்களுக்கு வளாகத்து அறைதான் சரி. விடுதிக் கட்டடத்தை விட்டுத் தள்ளி, கணக்குப்பிள்ளை இருந்த பழைய அறையைக் கொடுக்கிறோம். நகர வீட்டை, வந்த பிறகு தனிமை வேண்டும் என்று அவர்களே கேட்டால் மட்டும் பார்க்கிறோம். நாற்பதைத் தாண்டியவர்கள் சிலருக்கு அது பொருந்தியும் இருக்கிறது.

வருகிற ஆகஸ்டில் ஒரு வருடத்துக்கு இன்னொரு பிள்ளை வருகிறாள். அதே ஆச்சி வீடுதான். பேசி முடித்துவிட்டோம், வெள்ளையும் அடித்தாகிவிட்டது. தாழ்ப்பாள் மட்டும் துருப்பிடித்துக் கிடக்கிறது, ஆசாரியிடம் சொல்லியிருக்கிறேன்.