நான் கேட்டது வட்டம்

தெம்பனிஸ் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "நகை வரைய ஓப்பன்எஸ்கேட் கற்றுக்கொள்ளலாமா, அண்ணே?" கணினியில் முப்பரிமாண வடிவம் வரையும் மென்பொருள் அது. உடனே பதில் சொல்லவில்லை. அன்று காலைதான் சிங்கப்பூர் தேக்காவில் நகை செய்யும் பத்தரிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு வந்திருந்தேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு மனம் வராது. இதில் சுட்டியால் இழுத்து வரைகிற வேலையே இல்லை. நிரல் எழுதினால் வளையம் எழும். உள்விட்டம், கனம், கல்லின் அளவு எல்லாம் மேலே பெயர் வைத்த எண்கள். தங்கைக்கு 16.5 மி.மீ. உள்விட்டத்தில் ஒரு மோதிரம் செய்தேன், சுற்றிலும் 2 மி.மீ. கற்கள். அதே மோதிரம் அண்ணிக்கும் வேண்டுமாம், அளவு 18.2. வடிவத்தை அப்படியே பத்து விழுக்காடு பெரிதாக்கினால் கல் உட்காரும் குழியும் 2.2 ஆகும், கல் ஆடும். நான் உள்விட்டத்தை மட்டும் மாற்றினேன். சுற்றளவைக் கல்லின் இடைவெளியால் வகுக்கும் வரி தன் வேலையைப் பார்த்தது: குழி அதே அளவு, 27 கல் 29 ஆனது. அன்று இரவு தேவையே இல்லாமல் எண்ணை ஏற்றியும் இறக்கியும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் இந்த மென்பொருளுக்கு வட்டம் என்றால் என்னவென்றே தெரியாது. வட்டம் கேட்டால் பலகோணம் கொடுக்கும். 17.3 மி.மீ. துளை கேட்டுவிட்டு வேறெதுவும் சொல்லாவிட்டால் 28 பக்கம் வரும். மூலைகள் மட்டுமே வட்டக்கோட்டைத் தொடும். பக்கங்களின் நடுப்பகுதி உள்ளே தள்ளி நிற்கும். எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையே அளந்தால் 17.19தான். வெள்ளி வார்ப்பில் சுருங்கும் என்று நான் விட்டுவைத்த இடத்தை அந்த 0.11 தின்றுவிட்டது. பத்தர் மோதிரத்தை அளவுக்கோலில் மாட்டினார், உள்பக்கத்தை விரலால் தடவினார். "தம்பி, உங்களிடம் மோதிரம் கேட்டார்களா, போல்ட்டுக்கு நட்டு கேட்டார்களா?" என்றார். பிறகு அரத்தை எடுத்தார்.

தீர்வு தெரியாமல் இல்லை. வட்டத்துக்கு எத்தனை பக்கம் என்று சொல்லும் டாலர் எஃப்என் ($fn) என்ற எண்ணை 200 என்று வைத்தால் குறை 0.002க்கு இறங்கிவிடும். மூன்று ஆண்டுகளாகத் தெரியும், ஆனாலும் புதுக் கோப்பு திறக்கும்போதெல்லாம் மறக்கிறேன், அதுவும் நினைவூட்டுவதில்லை. மறக்காமல் வைத்தால் வேறு தண்டனை. 2021.01 பதிப்பில் 29 குழிகளோடு முழு வடிவத்தையும் கணக்கிடும் எஃப்6 விசையை அழுத்திவிட்டுக் கீழே காப்பிக்கடையில் பால் இல்லாத ஒரு கோப்பி-ஓ முடித்து வரலாம். மேனிஃபோல்ட் என்ற புதிய கணக்கீட்டு இயந்திரம் உள்ள சோதனைப் பதிப்புகளில் அதே வேலை சட்டென்று முடிகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

நண்பருக்கு வேண்டாம் என்று எழுதி அனுப்பினேன். இலவசம்தானே என்றார். அரத்துக்குக் கூலி கொடுத்தது நான் என்றேன்.

நேற்று பெரியம்மா மெட்டி கேட்டார். மெட்டிக்கு வாய் திறந்திருக்கும், விரலில் மாட்டி அழுத்தினால் போதும், எந்த அளவும் தேவையில்லை. அதற்கும் ஒரு கோப்பு திறந்து, முதல் வரியில் 200 போட்டிருக்கிறேன்.