கிம்ப் 3.0: வாசல் கோலத்தை மாஸ்க்காக்கிப் பக்க ஓரம் அமைத்த அனுபவம்

எங்கள் ஊர் வாசகர் வட்டத்தின் ஆண்டு மலருக்கு 48 பக்கங்களை வடிவமைக்கும் பொறுப்பு இந்த முறை என்னிடம் வந்தது. பக்கங்களுக்கு ஓர அலங்காரம் வேண்டும், ஆனால் இணையத்தில் ஆயத்தமாகக் கிடைக்கும் பார்டர்கள் வேண்டாம் என்று மலர்க் குழுவினர் சொல்லிவிட்டார்கள். ஒரே பூக்கொடியைத் திருமண அழைப்பிதழிலும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியிலும் பார்த்துச் சலித்திருந்த எனக்கும் அதுவே சரியென்று பட்டது. எனவே கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளின் லேயர் மாஸ்க்கைக் கொண்டு ஓரங்களை நானே அமைத்தேன். இந்த ஒரு வேலைக்கு அது எவ்வளவு தூரம் கைகொடுத்தது என்பதை மட்டுமே இங்கே எழுதுகிறேன்.

1995-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மேட்டிஸ் என்ற இரு மாணவர்கள் தொடங்கிய இந்த மென்பொருள் இன்றும் இலவசமாகவே கிடைக்கிறது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குகிறது. நான் பயன்படுத்தியது 2025 மார்ச்சில் வெளிவந்த 3.0 பதிப்பு.

கிம்பில் ஒரு படத்தை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த அடுக்குகளாக அமைக்கலாம்; அந்த ஒவ்வோர் அடுக்கும் ஒரு லேயர். மாஸ்க் என்பது ஒரு லேயரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் கறுப்பு வெள்ளைப் படம். அதில் வெள்ளையாக உள்ள இடத்தில் லேயரின் நிறம் தெரியும், கறுப்பாக உள்ள இடத்தில் மறையும், சாம்பலாக உள்ள இடத்தில் அதன் அடர்த்திக்கு ஏற்ப மங்கலாகத் தெரியும். லேயரில் உள்ள எதுவும் அழிவதில்லை. இதைப் புரிந்துகொண்ட அன்று காலையில்தான் என் அத்தை சாணம் தெளித்த வாசலில் போட்டிருந்த சிக்குக் கோலத்தை வேறு கண்ணோடு பார்த்தேன். கருந்தரையில் வெள்ளை இழை என்பது, ஒரு மாஸ்க் எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இருக்கிறது. ஸ்டூலின் மீது ஏறி நின்று, கேமராவைத் தரைக்கு நேராகப் பிடித்து, வெயில் ஏறுவதற்குள் படம் எடுத்துக்கொண்டேன்.

படத்தைக் கிம்பில் திறந்து, நான்கு பக்கமும் ஒத்திருக்கும் ஒரு சுழியைச் சதுரமாக வெட்டி எடுத்தேன். படத்தின் கறுப்பு வெள்ளை அளவைச் சரிசெய்யும் லெவல்ஸ் கருவியில் கறுப்பு முனையை வலப்புறம் நகர்த்தினால் தரையின் சொரசொரப்பு கரைந்து கறுப்பாகிறது. வெள்ளை முனையை இடப்புறம் கொண்டுவந்தால் மாவு இழை பளிச்சென்று எழுகிறது. பிறகு லேயருக்கு மாஸ்க் சேர்க்கும்போது, லேயரின் சாம்பல் நிறப் படியையே மாஸ்க்காக எடுத்துக்கொள்ளும் வாய்ப்பைத் தேர்ந்தெடுத்தால் போதும், கோலம் மாஸ்க்காகிவிடும். அதன்பின் லேயரைக் காவி நிறத்தால் நிரப்பினால், அத்தை விரலிடுக்கில் மாவு தடித்தும் மெலிந்தும் விழுந்த அந்த இழை காவியில் வந்து நிற்கிறது. எந்த ஆயத்த பார்டரிலும் இந்தக் கை நடுக்கம் கிடைக்காது. எனக்கு இந்த மென்பொருளின் மீது மதிப்பு ஏற்பட்டது இந்த இடத்தில்தான்.

கையால் போட்ட கோலம் என்பதால் ஒரு கட்டத்தின் வலது விளிம்பில் முடியும் இழை அடுத்த கட்டத்தின் இடது விளிம்போடு சரியாகச் சேராது. இதற்கு ஆஃப்செட் என்ற வசதி அருமையாக உதவுகிறது. ஒரு பக்கம் வெளியேறும் பகுதி மறுபக்கம் வரும்படி படத்தைப் பாதி அகலமும் பாதி உயரமும் நகர்த்தினால் விளிம்புகள் நடுவுக்கு வந்துவிடுகின்றன. பிசகு கண்ணுக்கு நேரே தெரிகிறது. வெள்ளை, கறுப்பு பிரஷ்களால் இழையைச் சேர்த்துவிடலாம். பெரிய அளவில் இந்தத் திருத்தத்தைச் செய்து முடித்த பிறகே கட்டத்தைச் சிறிதாக்க வேண்டும்.

ஏ4 தாள் அங்குலத்துக்கு 300 பிக்சல் அளவில் 2480 அகலமும் 3508 உயரமும் கொண்டது. கட்டத்தை 160 பிக்சலாக வைத்தால் குறுக்கே 14, நெடுக்கே 20 என்று முழுக் கட்டங்களாக அமைகிறது. பக்கவாட்டில் 120 பிக்சலும் மேலும் கீழும் 154 பிக்சலும் வெற்றிடம் கிடைக்கிறது. 2240க்கு 3200 என்ற அளவில் தனிப் படம் ஒன்றைத் திறந்து, கட்டத்தைப் பேட்டர்னாக நிரப்பி, சுற்றிலும் ஒரு வரிசையை மட்டும் விட்டு உட்பகுதியைக் கறுப்பாக்கினேன். அந்தப் படத்தை மாஸ்க்கில் ஒட்டி ஆங்கர் செய்ததும், அதாவது மாஸ்க்கோடு பதித்ததும், ஓரம் தயாரானது. இந்தக் கணக்கைப் போடாமல் தொடங்கினால் கடைசிக் கட்டம் பாதியில் அறுந்து நிற்கும்.

வடிவம் மாஸ்க்கிலும் நிறம் லேயரிலும் தனித்தனியே இருப்பதன் பயன் அடுத்த வாரம் தெரிந்தது. கவிதைப் பக்கங்களுக்கு மஞ்சளும் கட்டுரைகளுக்குக் கருநீலமும் வேண்டும் என்று குழுவினர் கேட்டபோது, மாஸ்க்கைத் தொடாமல் லேயரின் நிறத்தை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். மேலிருந்து கீழாக நிறம் மாறும் கிரேடியன்ட்டையும், பழைய காகிதத்தின் படத்தையும்கூட அதே மாஸ்க்குக்குள் வைத்துப் பார்த்தேன். பழைய நினைவுகள் பகுதிக்குக் கிழிந்த தாளின் ஓரம் தேவைப்பட்டது. அதற்கு மாஸ்க்கில் ஒரு வெள்ளைச் செவ்வகத்தை நிரப்பி, ஸ்ப்ரெட் ஃபில்டரால் விளிம்பைச் சிதறடித்து, சிறிது மங்கலாக்கி, லெவல்ஸால் மீண்டும் கூர்மையாக்கினால் போதுமானது.

குறைகளும் உண்டு. லேயரும் மாஸ்க்கும் பக்கத்துப் பக்கத்தில் இரு சிறு படங்களாகத் தெரிகின்றன; எது இப்போது தேர்வில் இருக்கிறது என்பதை ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு மட்டுமே காட்டுகிறது. மாஸ்க்கில் தீட்டுவதாக நினைத்து லேயரிலேயே தீட்டிவிடுவது புதியவர்களுக்கு நிச்சயம் நேரும். ஆல்ட் விசையோடு மாஸ்க்கைச் சொடுக்கினால் மாஸ்க் மட்டும் திரை முழுவதும் தெரியும் என்பதை முதல் நாளிலேயே பழகிக்கொள்வது நல்லது. இன்னொரு குறை, கொடி போன்ற ஒரு திசையில் ஓடும் வடிவங்களுக்கு மூலைத் துண்டைத் தானாக அமைத்துத் தரும் வசதி எதுவும் இதில் இல்லை. அதைத் தனியாக வரைந்து, திருப்பித் திருப்பி வைக்க வேண்டும். நான்கு பக்கமும் ஒத்த கோலம் என்பதால் எனக்கு அந்தச் சிரமம் இல்லாமல் போயிற்று.

அச்சுக்கு அனுப்புவோர் கவனிக்க வேண்டியது நிறம். 3.0 பதிப்பில் டிஃப், ஜேபெக் போன்ற கோப்புகளை அச்சுக்குரிய நான்கு வண்ண முறையில் ஏற்றுமதி செய்ய முடிகிறது என்பது நல்ல முன்னேற்றம். ஆனால் வேலை செய்யும்போது படம் அந்த முறையில் இருப்பதில்லை. முதல் மாதிரித் தாளில் காவி சற்று மங்கிவிட்டது, மாஸ்க்கில் சாம்பலாக இருந்த மெல்லிய இழைகள் புள்ளி புள்ளியாக உடைந்துவிட்டன. லெவல்ஸில் சாம்பலைக் குறைத்து, எந்த இழையும் 4 பிக்சலுக்குக் கீழே போகாமல் தடிக்க வைத்த பிறகு இரண்டாவது மாதிரி திருப்தியாக வந்தது.

நான்கு வண்ண முறையிலேயே வேலை செய்தாக வேண்டுமென்றால், இதைப்போலவே இலவசமான கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளைப் பார்க்கலாம். அளவெடுத்தாற்போன்ற நேர்கோடுகளும் வட்டங்களும் கொண்ட ஓரங்களுக்கு இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள் கிம்பைவிடப் பொருத்தமானது. ஃபோட்டோஷாப்பின் மாஸ்க்கும் இதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. ஏற்கெனவே சந்தா கட்டி வருபவர்கள் இந்த வேலைக்காகக் கிம்புக்கு மாற வேண்டியதில்லை. கையால் போட்டதை, மாவின் சொரசொரப்போடும் தாளின் கிழிசலோடும் பக்கத்தின் ஓரத்துக்குக் கொண்டுவர நினைப்பவர்களுக்கு, பணம் செலவழிக்காமல் செய்துகொள்ள நான் தயங்காமல் கிம்பைப் பரிந்துரைப்பேன்.

கோப்பைக் கிம்பின் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் வடிவிலேயே சேமித்து வையுங்கள். மாஸ்க் அப்படியே நிற்கும். மார்கழி வந்ததும் அத்தையின் வேறு சில கோலங்களையும் படமெடுத்து, இதே 160 பிக்சல் கட்டத்தில் சேர்த்துவைக்க எண்ணியிருக்கிறேன்.