ஏஓசெப்ட் பிளஸ்: நல்ல கரைசல், ஆனால் குப்பியில்தான் சூட்சுமம்

காண்டாக்ட் லென்ஸ் போடுபவர்களுக்கு வரும் கருவிழிப் புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் சூடோமோனாஸ் பாக்டீரியா. ஈரம் காயாத லென்ஸ் டப்பாவில் அது செழித்து வளரும். அதனால் லென்ஸை ஊறவைத்துக் கிருமி நீக்கும் கரைசலை மலிவு விலைக்காக மாற்றுவது சரியல்ல. 2005 மார்ச் முதல் 2006 மே வரை சிங்கப்பூரில் 66 பேருக்கு ஃபியூசேரியம் பூஞ்சையால் கருவிழி புண்ணானது. ரென்யூ மாய்ஸ்சர்லாக் கரைசலுடன் அதற்குத் தொடர்பிருப்பது தெரிந்ததும், உலகெங்கும் அதை மீட்டுக்கொண்டார்கள்.

ஏஓசெப்ட் பிளஸ் என்ற லென்ஸ் கரைசலில் பதப்படுத்தும் ரசாயனம் கிடையாது. 3 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடுதான் கிருமியைக் கொல்கிறது. கூடவே வரும் குப்பிக்குள் உள்ள பிளாட்டின வில்லை, பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துவிடும். கையை சோப்பு போட்டுக் கழுவித் துடைத்து, லென்ஸைக் குப்பியின் கூடையில் வைத்து, கரைசலை அதன்மேல் ஊற்றி அலசி, குப்பியைக் கோடு வரை நிரப்பி மூடுங்கள். குறைந்தது 6 மணி நேரம் நிமிர்ந்தே நிற்கவேண்டும். சாய்ந்தால் வில்லை முழுதாக வேலை செய்யாது.

சாதாரணத் தட்டை டப்பாவில் இதை ஊற்றினாலோ, போட்டிருக்கும் லென்ஸை இதில் அலசி உடனே மாட்டினாலோ கண் தீயாய் எரியும். கருவிழியின் மேல்தோலும் புண்படும். புட்டியின் சிவப்பு மூக்கு அதற்கான எச்சரிக்கைதான். வில்லை தேயும் என்பதால் புதுப் புட்டிக்குப் புதுக் குப்பி கட்டாயம். பழையதையே வைத்திருப்பதுதான் பலர் செய்யும் தவறு.

குறையும் உண்டு. பெராக்சைடு சீக்கிரமே செயலிழப்பதால், தண்ணீரில் வாழும் அகந்தமீபா என்ற ஒரு செல் கிருமியின் தடித்த உறைகள் தப்பிவிடலாம். நம் சிங்கப்பூர்க் குழாய் நீர் குடிக்க நல்லதுதான், லென்ஸுக்கு ஆகாது. குளிக்கும்போதும் நீச்சல் குளத்திலும் லென்ஸைக் கழற்றிவிடுங்கள். செயலிழந்தபின் குப்பியில் எஞ்சுவது வெறும் உப்பு நீர்தான். நாள் கணக்கில் ஊறிய லென்ஸை மறுபடி கிருமி நீக்கிவிட்டே போடவேண்டும்.

கண் சிவந்து வலித்து, வெளிச்சம் கூசி, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால், லென்ஸைக் கழற்றி அன்றே கண் மருத்துவரிடம் போங்கள். இரவானால் மருத்துவமனை அவசரப் பிரிவு. லென்ஸ், குப்பி, புட்டி மூன்றையும் எடுத்துப் போங்கள், கிருமியை வளர்த்துப் பார்க்க உதவும். வீட்டில் மிஞ்சிய ஸ்டீராய்டு சொட்டு மருந்தைத் தொடவே வேண்டாம், பூஞ்சையை அது இன்னும் பரப்பிவிடும். மருத்துவமனையில் ஃபுளோரெசின் சாயமிட்டு நீல ஒளியில் பார்த்தால் புண் பச்சையாக ஒளிரும். மரத்துப்போகும் மருந்திட்டுச் சுரண்டியெடுத்துப் பரிசோதிப்பார்கள். பாக்டீரியா என்றால் தொடக்கத்தில் இரவு பகலாக மணிக்கொரு முறை ஆன்டிபயாடிக் சொட்டு. பூஞ்சைக்கு 5 விழுக்காடு நாட்டமைசின் சொட்டு. அகந்தமீபாவுக்கு மாதக்கணக்கில் சிகிச்சை. தாமதித்தால் தழும்பு நிலைக்கும். துளை விழுந்தால் கருவிழி மாற்று அறுவை வரை போகும்.

மாதாந்திர லென்ஸ் போடுபவர்களும், மற்றக் கரைசல்களால் கண் உறுத்துபவர்களும் இதையே வாங்கலாம். தேசிய சேவை எனும் கட்டாய ராணுவப் பணியில் களப்பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளுக்கு வேண்டாம்; அங்கே 6 மணி நேரமும் சுத்தமான கையும் கிடைப்பது அரிது, கண்ணாடியே போதும்.